வாசிக்காமல் விட்ட நான்கு வரி

கார்த்தி,

ஞாயிற்றுக்கிழமை நீ சாப்பிட்டு முடித்து, செருப்பை மாட்டிக்கொண்டே என்னிடம் ஒன்று கேட்டாய். நான் ஒரு பதில் சொன்னேன். அந்தப் பதில் தவறு. அதைத் திரும்ப வாங்கிக்கொள்ள முடியுமா என்று பார்க்கத்தான் உட்கார்ந்திருக்கிறேன். முடியும் என்ற நம்பிக்கை அதிகம் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நீ சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். உன் டீமில் ஸ்வப்னா என்று ஒரு பெண். வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம். நீங்கள் செய்த ஒன்றை வாடிக்கையாளருக்கு அனுப்புவதற்கு முந்தைய நாள், இதில் ஒரு பிழை இருக்கிறது, நிறுத்துங்கள் என்று உனக்குச் செய்தி அனுப்பினாள். நீ படித்தாய். பதில் போடவில்லை. அனுப்பியாயிற்று. அவர்களுடைய வேலை ஒரு நாள் முழுக்க நின்றுபோயிற்று. ஏன் இப்படி ஆனது என்று இப்போது நீ எழுதித் தர வேண்டும். அவள் அனுப்பிய செய்தி தானாக அழிந்துபோகும் வகை. இருவர் போனிலும் இல்லை. அவள் எச்சரித்தாள் என்பது அவளுக்குத் தெரியும். உனக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது.

"ரெண்டே வழிதான் அப்பா. படிச்சேன், கவனிக்கலைன்னு எழுதலாம். எனக்கு எதுவும் வரலைன்னும் எழுதலாம்" என்றாய். பிறகு, விளையாட்டாகக் கேட்பது போல, "அங்கிள் இருந்திருந்தா என்ன பண்ணியிருப்பார்?" என்றாய்.

"சார் பதறவே மாட்டார்டா" என்றேன்.

உன் முகம் தெளிந்தது. "கரெக்ட் பா" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாய். கேட்டைச் சாத்திவிட்டு உள்ளே வந்தபோது உன் அம்மா சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். கையில் சாதக் கரண்டி.

"மறுபடியும் வாசிச்சிட்டீங்க" என்றாள்.

அவள் சொன்னது என்ன என்று உனக்குத் தெரியாது. உனக்குத் தெரியக் கூடாது என்று பார்த்துக்கொண்டவன் நான். அதைச் சொல்கிறேன்.

விருத்தாசலத்தில் தட்டச்சும் சுருக்கெழுத்தும் படித்துவிட்டு இருபத்து நான்கு வயதில் செகந்திராபாத் ஸ்டேஷனில் வந்து இறங்கினேன். பேகம்பேட்டில் ஒரு கம்பெனி. மருந்துகளைக் குளிர் அறையில் வைத்திருந்து கடைகளுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் அனுப்புவது அவர்கள் தொழில். எங்கள் மேனேஜரை நான் சார் என்பேன். நீ அங்கிள் என்பாய். அவர் சொல்வார், நான் எழுதுவேன். முப்பது வருடம் அதுதான் என் வேலை. சொல்லப்பட்டதை எழுதுவது. ஒருவர் பேசும் வேகத்தில் எழுதும்போது யோசிக்க இடம் இருக்காது. யோசித்தால் கை பின்தங்கிவிடும். யோசிக்காமல் இருப்பதில் நான் மிகவும் தேர்ந்தவனாக இருந்தேன். மூன்றாம் வகுப்பில் உன் டீச்சர் உங்க அப்பா என்ன வேலை பார்க்கிறார் என்று கேட்டபோது, "மேனேஜர் ஆபீஸில்" என்று சொல்லும்படி உனக்கு நான்தான் சொல்லிக் கொடுத்தேன். பொய் இல்லை. அது போதும் என்று நினைத்தேன்.

சார் கெட்டவர் என்றால் இந்தக் கடிதம் சுலபமாக இருந்திருக்கும். அவர் யாரிடமும் குரலை உயர்த்தியதில்லை. பியூன் டீ குடித்துக்கொண்டிருந்தால், குடித்து முடிக்கும்வரை காத்திருந்து வேலை சொல்வார். அறைக்குள் யார் வந்தாலும் எழுந்து நிற்பார், கடைநிலை ஆளாக இருந்தாலும். அவர் ஆங்கிலத்தில் ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால் அது எங்கே போய் முடியும் என்று அவருக்கு முன்பே தெரிந்திருக்கும். எனக்கு ஆச்சரியமாக இருக்கும். எனக்கென்று ஒரு வாக்கியம் இருந்ததே இல்லை. உன்னைப் பார்க்கும்போதெல்லாம் ஒன்றுதான் தோன்றும். இவன் எழுதுகிற ஆளாகக் கூடாது. சொல்கிற ஆளாக வேண்டும்.

அதனால் ஒவ்வொரு தசராவுக்கும் உன்னை அவர் வீட்டுக்கு அழைத்துப்போனேன். இந்த ஊரில் அன்று மாலை ஜம்மி இலையை, அதாவது வன்னி இலையை, தங்கம் என்று சொல்லிப் பெரியவர்கள் கையில் வைத்துக் காலைத் தொடுவார்கள். எங்கள் ஊரில் இல்லாத வழக்கம். உனக்காகப் பழகிக்கொண்டேன். நீ இலையைக் கொடுப்பாய். அவர் உன்னை உட்காரவைத்துப் பெரிய மனிதனிடம் பேசுவது போலப் பேசுவார். வீட்டுக்கு வந்ததும் நான் தொடங்கிவிடுவேன். அங்கிள் எப்படி உட்கார்ந்தார் பார்த்தாயா. கேள்வி கேட்டால் உடனே பதில் சொல்லாமல் எப்படி ஒரு நொடி நிறுத்தினார் பார்த்தாயா. ஏழு வயதில் நீ கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, தலையைக் கொஞ்சம் சாய்த்து, அந்த ஒரு நொடியை நிறுத்தினாய். நான் கைதட்டினேன். உன் அம்மா கைதட்டவில்லை.

"குழந்தையைக் குழந்தையா இருக்க விடுங்க. கைக்கு அவர் மாதிரி நிக்கணும்? அவர் அவர் மாதிரி நிக்கிறார், போதும்" என்றாள். அவள் பிறந்து வளர்ந்தது இங்கே ரயில்வே காலனியில். எதற்கு என்பதைக் 'கைக்கு' என்பாள்; அவள் தமிழில் பாதி இந்த ஊருடையது. அதனால் அவள் சொல்வதும் பாதிதான் சரி என்று ஏனோ நினைத்துக்கொண்டிருந்தேன்.

உனக்கு ஒன்பது வயதான வருடம். ஸ்டோர்ஸில் நர்சிங் என்று ஒரு கிளார்க். என்னைவிட நான்கைந்து வயது சின்னவன். அண்ணா என்றுதான் கூப்பிடுவான். குளிர் அறைக்கு மின்சாரம் நின்றால் ஓட வேண்டிய ஜெனரேட்டர் சரியில்லை, உடனே பழுது பார்க்க வேண்டும் என்று கையால் எழுதி என் மேசையில் வைத்துவிட்டுப் போனான். நகல் எடுக்கத் தோன்றவில்லை அவனுக்கு. நான் அதைச் சாரிடம் கொடுத்தேன். அவர் படித்தார். என்னை உட்காரச் சொல்லி நான்கு வரி பதில் சொன்னார். எழுதிக்கொண்டேன். எழுந்தபோது, "விடு, டைப் பண்ண வேண்டாம். நானே நேரில் சொல்லிக்கிறேன்" என்றார். அவர் சொல்லவில்லை. மறந்திருக்கலாம். மறந்துதான் இருக்கும். பதினைந்து நாள் கழித்து ஒரு மழையில் மின்சாரம் போயிற்று. குளிர் அறை முழுக்க இருந்த மருந்து வீணாகிவிட்டது.

தலைமை அலுவலகத்திலிருந்து மூன்று பேர் விசாரிக்க வந்தார்கள். எனக்கு எந்தத் தகவலும் வரவில்லை என்று சார் சொன்னார். குரல் உயரவில்லை. பதில் சொல்லும் முன் அந்த ஒரு நொடி நிறுத்தினார். கொடுத்தேன் என்று நர்சிங் சொன்னான். தாள் எங்கே என்றார்கள். தாள் இல்லை; நான் சாரிடம் கொடுத்த பிறகு அதை யாரும் பார்க்கவில்லை. பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். அந்த மாதம் ஜெனரேட்டர் பற்றி மேனேஜர் ஏதாவது கடிதம் சொன்னாரா? உங்கள் நோட்டைப் பார்த்துச் சொல்லுங்கள்.

நோட்டைத் திறந்தேன். பக்கம் எனக்குத் தெரியும். மேலே ஒரு ஆஸ்பத்திரிக்குப் போன கடிதம். கீழே போக்குவரத்து ஒப்பந்தம் பற்றிய கடிதம். நடுவில் அந்த நான்கு வரி. அந்த அறையில் இருந்த யாருக்கும் சுருக்கெழுத்து படிக்கத் தெரியாது. அவர்களுக்கு அது கோடும் புள்ளியும். எதிரில் சார் உட்கார்ந்திருந்தார். அவர் என்னைப் பார்க்கக்கூட இல்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னிடம் யாரும் எதையும் கேட்டுக்கொள்ளவில்லை, கார்த்தி. யாரும் மிரட்டவில்லை. மேலே இருந்ததை வாசித்தேன். கீழே இருந்ததை வாசித்தேன்.

நர்சிங் என் பக்கத்தில்தான் நின்றான். நோட்டை எட்டிப் பார்த்தான். "ஒக்கசாரி மள்ளி சூடன்னா" என்றான். இன்னொரு தடவை பாருங்கண்ணா என்று. கெஞ்சும் குரல் இல்லை அது. நான் அவசரத்தில் தவறவிட்டிருப்பேன் என்று உண்மையாகவே நம்பிய குரல். இன்னொரு தடவை பார்த்தேன். இன்னொரு தடவை அப்படியே வாசித்தேன். அவனை வேலையிலிருந்து அனுப்பிவிட்டார்கள்.

அடுத்த வாரம் தசரா. நர்சிங் வருடா வருடம் நம் வீட்டுக்கு வந்து எனக்கு ஜம்மி இலை கொடுப்பான். அந்த வருடமும் வந்தான். லோத்குண்டாவில் நாம் இருந்த வீட்டு வாசலில், ராணுவ முகாமின் சுவரை ஒட்டி சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே வந்து, என் கையில் இலையை வைத்துக் காலைத் தொட்டான். தெரிந்து வந்தானா, தெரியாமல் வந்தானா? இன்றுவரை எனக்குத் தெரியாது. அவன் போனதும் உன்னைச் சட்டை மாற்றச் சொல்லி சார் வீட்டுக்கு அழைத்துப்போனேன். நீ அவருக்குக் கொடுத்தது அவன் எனக்குக் கொடுத்த இலையை. வழியில் வாங்க மறந்துவிட்டேன்.

அன்று திரும்பி வந்து உன் அம்மாவிடம் சொன்னேன். அவளிடம் மட்டும்.

"அதுல இருந்துதா?" என்றாள்.

"இருந்தது."

"ஹவ்" என்றாள். இந்த ஊர்க்காரர்கள் சொல்லும் ஆமாம். அவள் வாயிலிருந்து அது அவ்வளவு சின்னதாக வந்து நான் கேட்டதில்லை. "நாளைக்குப் போய் அந்த மூணு பேர்கிட்டயும் வாசிச்சுக் காட்டுங்க."

"அவங்க ஊருக்குப் போயிட்டாங்க."

"போனா என்ன? தபால் இல்லையா?"

நான் எழுதவில்லை. நாளை நாளை என்று இருந்து, சொல்லவே முடியாத தூரத்துக்குப் போய்விட்டது. சார் அதன்பின் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. நன்றி சொல்லவில்லை. அவர் மகள் கல்யாணத்தில் நம்மை முன் வரிசையில் உட்காரவைத்தார். அது நன்றியாக இருக்கலாம். நீ அன்று கோட் போட்டுக்கொண்டு அவரைப் போலவே எல்லோருக்கும் எழுந்து நின்று கைகொடுத்தாய். நான் பெருமைப்பட்டேன். மனிதன் எல்லாவற்றுக்கும் நடுவில் பெருமைப்பட்டுவிடுகிறான்.

பல வருடம் கழித்து ஸ்டேஷன் எதிரில் ஒரு ஆட்டோவில் ஏறினேன். ஓட்டியவன் நர்சிங். முடி நரைத்திருந்தது. "ஏமன்னா, பாபு எலா உன்னாடு?" என்று கேட்டான். பையன் எப்படி இருக்கான் என்று. இன்ஜினியரிங் படிக்கிறான், நன்றாகப் படிக்கிறான் என்றேன். கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டு, "மீ சார் லெக்க அவுதாடு" என்றான். உங்க சார் மாதிரி வருவான். வீட்டுக்கு வந்து சாப்பிடும்போது அதை நல்ல செய்தியாகச் சொன்னேன். உன் அம்மா தட்டைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்து போனாள். அவளுக்குத் தெரிந்தது எனக்கு ஞாயிற்றுக்கிழமைதான் தெரிந்தது. நீ என்னிடம் கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருந்தபோது, கையைப் பின்னால் கட்டியிருந்தாய். தலை கொஞ்சம் சாய்ந்திருந்தது.

இதைத் திங்கட்கிழமை காலையிலிருந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். செவ்வாய்க்கிழமை உன் அம்மா காபியை வைத்துவிட்டுப் பக்கத்தில் நின்று பார்த்தாள்.

"யாருக்கு எழுதுறீங்க?"

"கார்த்திக்கு."

"அவனுக்குத் தமிழ் படிக்கத் தெரியுமா?"

பேனாவை வைத்துவிட்டேன்.

"மறுபடியும் யாருக்கும் வாசிக்கத் தெரியாத எழுத்துல எழுதி வெச்சிருக்கீங்க" என்றாள். சிரித்தாள் என்றுதான் நினைக்கிறேன். திரும்பிக்கொண்டதால் தெரியவில்லை.

உண்மைதான். நாம் பேசினால் உனக்குப் புரியும். நீ ஆங்கிலத்திலோ தெலுங்கிலோ பதில் சொல்வாய்; அதைத்தான் இங்கே தமிழில் எழுதியிருக்கிறேன். உனக்குத் தமிழ் எழுத்து சொல்லிக்கொடுக்க நினைத்த வருடங்களில் உனக்கு அங்கிளின் ஆங்கிலம் வேண்டும் என்று இருந்துவிட்டேன். ஆங்கிலத்தில் இதை எழுதலாமே என்றால், முயன்று பார்த்தேன். எனக்குத் தெரிந்த ஆங்கிலம் முழுக்க அவருடையது. "மேற்கண்ட பொருள் தொடர்பாக" என்று தொடங்குகிறது. "வருந்துகிறோம்" என்று பன்மையில் முடிகிறது. அதில் நான் என்று ஒரு ஆள் நிற்க இடமில்லை. தாளைக் கிழித்துவிட்டு மறுபடி இதற்கே வந்தேன்.

புதன்கிழமை உன் செய்தி வந்தது. ரிப்போர்ட் போயிற்று, கவலைப்படாதே அப்பா என்று. வெள்ளிக்கிழமை அந்தப் பெண்ணைக் கூப்பிட்டுப் பேசுவார்கள், நீயும் இருப்பாய், அது வெறும் சடங்கு என்று. உன்னைக் கூப்பிட்டேன். "என்ன எழுதினே?" என்றேன். ஒரு நொடி நிறுத்தினாய். "எனக்கு எதுவும் வரலை அப்பா" என்றாய். குரல் உயரவே இல்லை. எவ்வளவு நன்றாகக் கற்றுக்கொண்டிருக்கிறாய்.

அந்த ஸ்வப்னாவின் முகம் எனக்குத் தெரியாது. ஆனால் வெள்ளிக்கிழமை அவள் உன்னைப் பார்த்து என்ன சொல்வாள் என்று தெரியும். ஒரு தடவை பாருங்கள் சார், ஞாபகம் இருக்கும் என்பாள். நம்பிக்கையோடு சொல்வாள். அதுதான் தாங்க முடியாதது. திட்டினால் தாங்கிக்கொள்ளலாம்.

யாரைப் பார்த்து வளர வேண்டும் என்று பிள்ளைக்குச் சொல்ல ஒரு தகப்பனிடம் ஒரு ஆளாவது இருக்க வேண்டும். நான் மூன்று நாளாகத் தேடுகிறேன். சார் இல்லை. நான் இல்லவே இல்லை. நர்சிங்கைச் சொல்லலாமா என்று பார்த்தேன். அவன் ஏமாற்றப்பட்டவன். ஏமாற்றப்பட்டதாலேயே ஒருவன் நல்லவன் என்று எனக்கு எழுத வரவில்லை. அவன் மற்றபடி எப்படிப்பட்டவன் என்று தெரிந்துகொள்ள நான் முயன்றதே இல்லை. உன் அம்மாவைச் சொல்லலாமா என்று அவளிடமே கேட்டேன். "நக்கோ" என்றாள், வேண்டாம் என்று. "எனக்குத் தெரிஞ்சு இருபத்து மூணு வருஷம். நானும் உங்களோடயே சாப்பிட்டுட்டுத்தான் இருந்தேன். என்னை எழுதாதீங்க."

ஆக என்னிடம் யாரும் இல்லை. ஒருவரைத் தேர்ந்தெடுத்தபோது நான் அவர் நிற்பதைப் பார்த்தேன், பேசுவதைப் பார்த்தேன், கைக்குட்டையை மடிப்பதைப் பார்த்தேன். அவர் அப்படி அமைதியாக நிற்க அந்த அறையில் வேறு யார் நடுங்க வேண்டியிருந்தது என்று பார்க்கவில்லை. பார்க்கவில்லை என்பதும் பொய். பார்த்தேன். அவன் என் தோளை ஒட்டி நின்றான். அவரைப் போல் ஆவது என்றால் நர்சிங் போன்ற ஒருவன் தேவைப்படுவான், என்னைப் போன்ற ஒருவனும் தேவைப்படுவான் என்று உனக்கு நான் சொல்லவில்லை. உனக்கு என்னைப் போல் ஒருவன்கூடத் தேவைப்படவில்லை. செய்தி தானாக அழிந்துவிட்டது.

நோட்டு அன்றே எரிந்துபோனது என்றுதான் இத்தனை வருடம் நம்பிக்கொண்டிருந்தேன். எரிக்கச் சொல்லி உன் அம்மாவிடம் கொடுத்திருந்தேன். நேற்று அவள் பீரோவின் அடித்தட்டில் கல்யாணப் புடவைக்குக் கீழேயிருந்து அதை எடுத்து மேசையில் போட்டாள். ஓரம் மஞ்சளாகிவிட்டது. எழுத்து இருக்கிறது. அந்தப் பக்கத்தை இங்கே தமிழில் எழுதுகிறேன். மேலே இருப்பதும் கீழே இருப்பதும் வேண்டாம்.

"ஜெனரேட்டர் பற்றிய உங்கள் குறிப்பைப் படித்தேன். நிலைமை புரிகிறது. இந்த மாதம் செய்ய இயலாது, அடுத்த மாதம் பார்க்கலாம். அதுவரை ஏதும் நேர்ந்தால் பொறுப்பு என்னுடையது."

அவ்வளவுதான். கடைசி வரியைக் கவனித்தாயா? அவர் வாயிலிருந்து வந்தது. அந்த ஒரு நிமிடம் அவர் நான் நினைத்த மனிதராகவே இருந்திருக்கிறார். அதை வாசிக்காமல் விட்டு அவரையும் நான்தான் இல்லாமல் ஆக்கினேன்.

இன்று வியாழக்கிழமை. சாயங்காலம் நானும் அம்மாவும் பஸ் பிடித்து உன் பிளாட்டுக்கு வருகிறோம். முன்கூட்டிச் சொன்னால் மீட்டிங் என்பாய். அதனால் சொல்லவில்லை. இதை உனக்கு நான் வாசித்துக் காட்டப் போகிறேன். கேட்டு முடித்துவிட்டு நீ, பொறுமையாக, "அது வேற, இது வேற அப்பா" என்பாய் என்று நினைக்கிறேன். காபி போட்டுக் கொடுத்து, எங்களுக்குக் கார் வரவழைத்து அனுப்பிவைப்பாய். நாளை காலை அந்தப் பெண் எதிரில் போய் உட்காருவாய். அதற்கு மேல் என்னால் ஒன்றும் செய்ய முடியாது. இதுவே முடியுமா என்றும் தெரியவில்லை. வாசிக்கும்போது கண் எங்கே தாண்டும் என்று எனக்குத் தெரியும். பழகிய கண்.

உன் அம்மாவுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்க வரும். மெதுவாகத்தான் வரும். அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து, வரிக்கு வரி விரல் வைத்துக்கொண்டே வருவதாகச் சொல்லியிருக்கிறாள். நான் வாசிக்கும்போது என் முகத்தைப் பார்க்காதே, கார்த்தி. அவள் விரலைப் பார். அது நகராமல் நின்றால், நான் எதையோ விட்டுவிட்டேன். என்னை நிறுத்து. இன்னொரு தடவை பார்க்கச் சொல்.

அப்பா